ஜோடிக்கு ஒரே நேரம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் இது இரண்டு பேர் உட்காரும் சீட்டு, நீங்கள் ஒன்றேகால் பேருக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் யாரையும் உடம்பை வைத்துக் கேலி செய்கிறவன் இல்லை. ஒரு உடம்பைப் பார்த்தால் என் கண் தானாக அளவெடுத்துவிடும், அவ்வளவுதான். உங்கள் இடுப்பு நாற்பத்திரண்டு இருக்கும். நாற்பதா? பேண்ட் நாற்பதாக இருக்கும் சார். இடுப்பு நாற்பத்திரண்டுதான்.

ஆமாம், ராணுவம்தான். முடியைப் பார்த்துச் சொல்கிறீர்களா? எல்லாரும் முடியைத்தான் பார்க்கிறார்கள். கெண்டைக்கால் சதையைப் பார்த்துச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. பெயர் பொன்னிவளவன், பதவி நாயக். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. எங்கள் தெருவிலும் நான்தான் முதல். அப்பாவுக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. நான் உடற்கல்வியில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் ராணுவத்துக்குப் போனேன். அங்கே என்னை பி.டி. உஸ்தாத் என்பார்கள். விசில் ஊதி ஆட்களை ஓடவைக்கிறவன். வடக்கத்தி ஆட்களுக்கு என் முழுப்பெயர் வாயில் நுழையாது. பொன்னி என்று கூப்பிடுவார்கள், அரிசிக்கடையில் கேட்கிற மாதிரி.

நான் இறங்குவது ஆலங்காயம் தாண்டி மேல்கொட்டாய். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் போய் அதைத்தான் சொல்லியாக வேண்டும். நீங்கள் தெரியாத ஆள், அதனால் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே சரியாக இல்லை என்று சொல்லுங்கள். வேர்க்கடலை வேண்டாம் சார், வறுத்தது நான் தொடுவதில்லை.

இந்த வருடம் எங்கள் கமாண்டோக்களுக்கும் ஒரு வெளிநாட்டின் கமாண்டோக்களுக்கும் கூட்டுப் பயிற்சி நடந்தது. வடக்கே ஒரு மலைமுகாம். இடத்தின் பெயர் சொல்லக்கூடாது. எந்த நாடு என்றும் சொல்லக்கூடாது. குதிரைப்பால் குடிக்கிற நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஊகித்தால் அது உங்கள் பொறுப்பு.

கமாண்டோ என்றதும் நீங்கள் சினிமாவில் பார்த்ததை நினைத்துக்கொள்வீர்கள். நான் போய்ப் பார்த்தவன், சொல்கிறேன். நானே கமாண்டோ இல்லை, அவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்க அனுப்பப்பட்டவன். முதல் நாள் காலையில் எங்கள் ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்திக் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னேன். பாதிப் பேருக்கு முழங்காலுக்குக் கீழே கை இறங்கவில்லை. ஒருவன் குனிந்தபடியே கேட்கிறான், "உஸ்தாத், கீழே என்ன தொலைத்தீர்கள்? எதைத் தேட வேண்டும்?" ஓடுவதற்கு முன் தசையைச் சூடாக்க வேண்டும் என்று கல்லூரியில் எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு. இவர்கள் ஓடுவதற்கு முன் பீடியைச் சூடாக்குகிறார்கள். இவர்களைத்தான் நாடு நம்பிக்கொண்டிருக்கிறது.

சாப்பாடு அதைவிட மோசம். காலையிலேயே நெய் பரோட்டா. நான் அவித்த முட்டையில் மஞ்சள் கருவை எடுத்து வைத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவேன். அந்த மஞ்சள் கருவையெல்லாம் எபநேசர் என்று ஒருவன் அள்ளித் தின்பான். கன்னியாகுமரிப் பக்கம். முகாமில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் இந்தக் கமாண்டோதான். "வாத்தியாரே, கோழி ஒமக்கு வெள்ளையும் எனக்கு மஞ்சளுமா பிரிச்சா போட்டுச்சி?" என்பான். பன்னிரண்டாவது வரை படித்தவன். அவனிடம் கொழுப்புச்சத்தைப் பற்றி என்ன பேசுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டுப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. நம் ஆள் ஒருவன், அவர்கள் ஆள் ஒருவன் என்று இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒரே கூடாரம், ஒரே தட்டு, ஒன்றாகத்தான் ஓட வேண்டும். அந்த இன்னொருவனுக்கு ஜோடிதார் என்று பெயர். நம்மூரில் ஜோடி என்றால் என்ன அர்த்தம்? என் மனைவி போனில் கேட்டுச் சிரித்தாள். "அப்போ நாங்க யாரு?" என்றாள். எங்கள் கமாண்டோ ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால், ஆள் குறைகிறது என்று அவன் இடத்தில் என்னைப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் முடிவில் நன்றாகச் செய்த ஜோடிகளை அடுத்த வருடம் அந்த நாட்டில் நடக்கும் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே போய் வந்தவனுக்கு ஹவில்தார் பதவி ஏறக்குறைய உறுதி. "பொன்னி, உன் ஓட்டத்துக்கு நீ போய்விடுவாய்" என்று முகாமை நடத்தும் மேஜர் சாப் தன் வாயாலேயே சொன்னார்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அங்கேதான் தவறு. போகலாம், போகக்கூடும் என்றுதான் நான் சொன்னேன். நான் எப்போதும் வார்த்தையை அளந்துதான் பேசுவேன். அப்பா காதில் "போகிறேன்" என்று விழுந்திருக்கிறது. "ஏரோப்ளேன்லியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாளே தோல் ஷாப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மச்சான், மனைவியின் அண்ணன், பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸே வைத்துவிட்டான். "கடல் கடந்து செல்லும் எங்கள் சிங்கமே." போட்டோ அனுப்பியிருந்தான். அந்த நாட்டுக்கும் நமக்கும் நடுவில் கடலே இல்லை சார். வரைபடத்தைப் பார்த்துவிட்டாவது அடிக்கக்கூடாதா? படிக்காதவர்களிடம் ஒரு செய்தியைக் கொடுத்தால் இப்படித்தான்.

என் ஜோடிதாருக்கு வருவோம். பெயர் தோர்ஜ். நாற்பது வயது இருக்கும். என் தோள் உயரம்தான், ஆனால் அகலத்தில் என்னைப் போல் இரண்டு பங்கு. கழுத்தே கிடையாது. தலையை நேராகத் தோளில் வைத்து அமுக்கிய மாதிரி இருப்பான். நூறு பேரில் எனக்கா இந்த ஆள்? எடைக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி அவன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவன். என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து கல் மாதிரி ஒரு தயிர்க்கட்டியை எடுத்துக் கொடுத்தான். அவர்கள் ஊரில் தயிரைக் காயவைத்து இப்படி வைத்துக்கொள்வார்களாம். பல்லில் வைத்தேன், பல்தான் ஆடியது. மரியாதைக்காகத் துப்பாமல் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டேன்.

அவனுக்கு இந்தியில் தெரிந்தது நாலைந்து வார்த்தை. அதில் ஒன்று "தீரே தீரே". மெதுவாக, மெதுவாக. காலையில் நான் எழுந்து முகாமைச் சுற்றி ஓடிவிட்டு வருவேன். கூடாரத்து வாசலில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "பொன்னி, தீரே தீரே" என்பான். ஒரு விளையாட்டு வீரனிடம் சொல்கிற வார்த்தையா இது? மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டான், அப்படியே தூங்கிவிட்டான். மலை ஏறும்போது பாட்டு வேறு பாடுவான். தொண்டைக்குள் தேனீ புகுந்த மாதிரி ஒரு பாட்டு. மூச்சை வீணாக்காதே என்று கையால் காட்டினால், சேர்ந்து பாடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடுவான்.

எபநேசர் சொல்வான், "வாத்தியாரே, அந்த ஆளு மலையில ஏறுகதப் பாத்தீரா? காலு ரெண்டும் ஒரே மாதிரி விழும். மேல ஏறினாலும் அப்படித்தான், கீழ எறங்கினாலும் அப்படித்தான்." நான் சொன்னேன், எருமையும் அப்படித்தான் நடக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். உண்மை என்பதால்தான்.

கடைசியாக ஒரு நெடுநடை. முதுகில் முழு பாரத்தோடு விடியற்காலையில் புறப்பட்டு, ஒரு மலைமுகட்டைத் தாண்டி, இருட்டுவதற்குள் முகாமுக்கு வந்து, அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்ட வேண்டும். "ஜோடிக்கு ஒரே நேரம்" என்று மேஜர் சாப் சொன்னார். இந்த வார்த்தையைக் கவனியுங்கள் சார், எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஜோடிக்கு ஒரே நேரம். நான் கல்லூரியில் ரிலே ஓடினவன். ரிலேயில் அணிக்கு ஒரே நேரம்தான். கடைசி ஆள் கோட்டைத் தாண்டினால் முடிந்தது. மற்ற மூன்று பேர் எங்கே நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்களா படுத்திருக்கிறார்களா என்று உலகத்தில் எந்த நடுவரும் கேட்பதில்லை. இதுதான் விதி. படித்தவன் அப்படித்தான் புரிந்துகொள்வான்.

முதல் பாதி முழுக்க நான்தான் முன்னால். அவன் எங்கேயோ கீழே பாடிக்கொண்டு வருகிறான். முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு வாந்தி வந்தது. அது உயரத்தினால் வருவது, தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய பெரிய வீரர்களுக்கும் வரும். தலை சுற்றியது, ஒரு பாறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால், சரி, படுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் இந்த ஆள் வந்து சேர்ந்தான். என் நெற்றியைத் தொட்டான். என் காலணியைக் கழற்றி, உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தான். என் வாயில் ஒரு தயிர்க்கட்டியை வைத்து அடைத்தான். அதன் பிறகு, கேட்டீர்களா, என் முதுகுப்பையை என்னிடம் கேட்காமலே எடுத்துத் தன் மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டான். முதுகில் அவன் பை, மார்பில் என் பை. பலம் இருக்கிறவனுக்கு அதைக் காட்ட ஒரு இடம் வேண்டும். துப்பாக்கியையும் கேட்டான். அதை நான் கொடுக்கவில்லை. ஆயுதத்தை இன்னொருவனிடம் கொடுக்கக்கூடாது என்பது விதி. அந்த நிலையிலும் நான் விதியை மறக்கவில்லை, பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. காலையிலேயே உப்புத்தூளை அளந்து தண்ணீரில் கலக்கிக் குடித்திருந்தேன், அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. என்ன? தயிர்க்கட்டியா? சார், அறிவியல் தெரியாமல் பேசக்கூடாது. அது காய்ந்த தயிர்.

எழுந்தேன். முகட்டைத் தாண்டினோம். அங்கிருந்து கீழே முகாம் தெரிகிறது. எல்லாம் இறக்கம். தோளில் பாரமில்லை, கால் பறக்கிறது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பையோடு, கர்ப்பிணி மாதிரி, ஒவ்வொரு அடியாக இறங்குகிறான். "தீரே தீரே" என்றான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் இவனோடு நடந்தால் எங்கள் ஜோடி கடைசி. நான் ஓடினால் முதல். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ரிலேயில் கையில் இருப்பதைக் கைமாற்றுவது அனுமதிக்கப்பட்டதுதான். நான் ஓடினேன்.

முதல் ஆளாக வந்தேன் சார். கமாண்டோக்கள் ஒருவர்கூட வந்து சேரவில்லை. தண்டவாளத்தைத் தட்டினேன். மலை முழுக்க எதிரொலித்தது. மேஜர் சாப் கூடாரத்திலிருந்து ஓடிவந்தார். என் நாடித்துடிப்பைப் பார்ப்பார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முதுகைப் பார்த்தார்.

"பை எங்கே?"

"ஜோடிதாரிடம், சாப்."

"ஜோடிதார் எங்கே?"

"பின்னால் வருகிறான், சாப்."

அவர் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, மலையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஜோடியாக வந்தது. எபநேசர் வந்தான். அவன் ஜோடிதாருக்குக் கால் சுளுக்கிவிட்டதால் அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தான். என்ன நேரம் தெரியுமா? படுமோசம். வந்தவன் என்னைப் பார்த்துக் கேட்கிறான், "வாத்தியாரே, நீரு வந்தாச்சி, ஒம்ம பை எப்ப வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று புரியாத வெளிநாட்டு ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தோர்ஜ் வந்தான். அதே நடை, அதே பாட்டு. இரண்டு பையையும் இறக்கி வைத்துவிட்டு, தண்டவாளத்தைத் தட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசியாக வந்தவனுக்குக் கை தட்டுகிற விளையாட்டை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

மேஜர் சாப் அவனிடம் கேட்டார், என்ன நடந்தது என்று. அவன் என்னைப் பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான், "மைன் போலா. பொன்னி ஜாவோ. மைன் போலா." நான்தான் சொன்னேன், பொன்னி நீ போ என்று நான்தான் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறான். முழுப் பொய். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. மெதுவாக என்றுதான் சொன்னான்.

மேஜர் சாப் என்னிடம் திரும்பினார். "அப்படியா பொன்னி? அவன் அனுப்பித்தான் வந்தாயா?"

குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்று எபநேசர் இன்றுவரை சொல்கிறான். ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை சார். அதுவும், அவன் சொல்லித்தான் ஓடினேன் என்றால் அந்த ஓட்டம் யாருடையது? "இல்லை சாப். அவன் சொல்லவில்லை. நானே முடிவு செய்து ஓடி வந்தேன்" என்றேன், விறைப்பாக நின்று. மேஜர் சாப் "நேர்மையான ஆள்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் மறுநாள் வெளிநாடு போகிறவர்களின் பெயரை வாசித்தபோது என் பெயர் இல்லை. தோர்ஜின் ஜோடி என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். முதலில் வந்தவன் நான், எனக்கு ஒன்றும் இல்லை. கால் சுளுக்கியவனை இழுத்து வந்தானே எபநேசர், அவன் போகிறான்.

இல்லை, இன்னும் முடியவில்லை. கடைசி நாள் முகாமில் பெரிய விருந்து. நான் வெள்ளரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேஜர் சாப் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் தோர்ஜ் ஆட்டுத்தொடையோடு நிற்கிறான். மேஜர் சாப் சொன்னார், "இவன் வேறு ஆள் வேண்டாம் என்கிறான். அவர்கள் ஊரில் ஜோடி சேர்ந்தால் சேர்ந்ததுதானாம், மாற்றக் கூடாதாம். உன்னைத்தான் கேட்கிறான். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் விருந்தாளி கேட்கிறான். அடுத்த வருடம் இவனோடு நடப்பாயா? ஓடக்கூடாது. இவனோடு நடக்க வேண்டும். சொல், உன் பெயரைப் போட்டுவிடுகிறேன்."

தோர்ஜ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். உதட்டில் கொழுப்பு மினுங்குகிறது.

ஒரு வார்த்தைதான் சார். நான் என்ன செய்தேன்? நிதானமாக யோசித்தேன். இந்த ஆளோடு நடந்து அந்த நாட்டிலும் கடைசியாக வந்தால், அவர்கள் முன்னால் நம் நாட்டு மானம் என்ன ஆவது? என் படிப்புக்கு என்ன மதிப்பு? எனக்காக மட்டும் யோசித்திருந்தால் சரி என்றிருப்பேன். "வேறு ஜோடி கொடுங்கள் சாப், நல்ல நேரம் காட்டுகிறேன்" என்றேன். மேஜர் சாப் "சரி, போ" என்றார். அவ்வளவுதான். தோர்ஜுக்கு நான் சொன்னது புரியவில்லை என்று நினைக்கிறேன். புறப்படும்போது என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். எடை பார்த்தானோ என்னவோ.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? தோர்ஜோடு நடந்தே போயிருக்கலாமா? இதைத்தான் என் மனைவியும் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லிப் பார்த்தது நல்லதாயிற்று. அந்த இடத்தில் ரிலே விதியை இன்னும் தெளிவாக விளக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அப்பாவிடம் ரிலே என்று சொன்னால் புரியாது. முதலில் வந்தேன், ஆனால் போகவில்லை. இதை ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது? முதலில் வந்தேன் என்று சொல்லி நிறுத்தினால் மாலையைப் போட்டுவிடுவார். போகவில்லை என்பதை முதலில் சொன்னால் அதற்கு மேல் கேட்கமாட்டார். உள்ளே போய் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் அப்படித்தான்.

என் நாடி இப்போது கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கிறது. பஸ் குலுங்குகிறது, அதனால்.

அதோ, அதுதான் எங்கள் நிறுத்தம். ஃபிளெக்ஸ் தெரிகிறதா? என் மூக்கை இழுத்து அகலப்படுத்தியிருக்கிறான். வெள்ளை வேட்டியில் நிற்கிறவர் அப்பா. இந்நேரத்துக்கு அவர் ஷாப்பில் இருக்க வேண்டும், லீவு போட்டிருக்கிறார். பக்கத்தில் நிற்கிறவர்களெல்லாம் ஷாப்பு ஆட்கள். அவர்களையும் கூட்டி வந்துவிட்டாரா? மேளம் வேறு. இவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா?

இறங்குகிறேன் கண்டக்டர், ஒரு நிமிடம். ஆள் இறங்க நேரம் கொடுங்கள்.

சார், நீங்கள் எங்கே போக வேண்டும்? நான் கேட்கவே இல்லையே. அடுத்த பஸ் அரை மணியில் வந்துவிடும், அதில் போகலாம். இங்கே இறங்கிக்கொள்ளுங்களேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். சும்மா என் பக்கத்தில் நில்லுங்கள், போதும். மோர் கொடுப்பார்கள், குடித்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை பாருங்கள். பரவாயில்லை, எழுந்திருங்கள். இல்லை சார், எனக்கு வழி விட வேண்டாம். நீங்கள் முன்னால் இறங்குங்கள்.